கூறைப்புடவையை வெட்டக் கொடுத்தவள் நான்

ஆண்டவர் நல்லவர் என்று சின்ன வயதிலிருந்தே பாட்டாகப் பாடியிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் அதற்குப் பரிசுகூட வாங்கியிருக்கிறேன். ஆனால் அது எனக்கு நிஜமாகவே தெரிய வந்தது தி. நகரில் ஒரு பட்டுப்புடவைக் கடையின் மூன்றாவது மாடியில். 1995ஆம் வருடம், தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அன்று அங்கே நின்றுகொண்டு, பூமி பிளந்து என்னை அப்படியே விழுங்கிவிட வேண்டும் என்று ஜெபித்தேன். இப்படியும் ஒருத்தி ஜெபிப்பாளா என்று கேட்காதீர்கள். பயத்தில் என்ன ஜெபிக்கிறோம் என்று யாருக்குத் தெரிகிறது?

போதகர் ஐயா இரண்டு வருடமாக என்னைச் சாட்சி சொல்லச் சொல்கிறார். தீராத வியாதி தீர்ந்ததா, விபத்தில் தப்பினேனா, என்ன பெரிய சாட்சி, ஒரு புடவையை வெட்டின கதைதானே என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இந்த மாதம் அவர் விடவில்லை. சபைப் பத்திரிகைக்கு எழுதியாவது கொடு என்றார். எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுகந்தி. வீடு மந்தைவெளி. 1993இல் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அடுத்தது பி.எட்., அதற்கப்புறம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். இது அப்பாவின் திட்டம், அம்மாவின் திட்டம், என் திட்டம். ஆண்டவரையும் அதில் சேர்த்துக்கொண்டோம், அவரை ஒரு வார்த்தை கேட்காமலே. அந்த வருடம் பி.எட். இடம் கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா தான் வேலை பார்த்த புடவைக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்றாள். தீபாவளி வரைக்கும் போய் வா, சும்மாதானே இருக்கே என்று அம்மாவும் சொன்னாள். தீபாவளிக்குப் போனவள் பொங்கலுக்கும் அங்கேதான் நின்றேன். அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான்.

எனக்கு வாய் நீளம், ஆனால் வீட்டில் மட்டும். வெளி ஆளைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பயம் வந்தால் உள்ளங்கை வேர்க்கும். சும்மா ஈரம் இல்லை, சொட்டும். பரீட்சை எழுதும்போது விடைத்தாளில் மை பரவிவிடும். இந்தக் கையை வைத்துக்கொண்டு பட்டுப்புடவை விற்கப் போனேன், பாருங்கள்! இடுப்பில் ஒரு கைக்குட்டை, கவுண்டருக்கு அடியில் ஒரு பவுடர் டப்பா. புடவையைப் பிரிக்கும் முன்னால் கையில் பவுடர் கொட்டிக்கொள்வேன். வந்தவர்கள், "ஏம்மா, இது சாயம் போகுமா?" என்பார்கள். எனக்கென்ன தெரியும்? ஒளி எப்படி வளையும் என்று கேட்டால் சொல்வேன். முதல் இரண்டு மாதம் நான் பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்து வைத்ததுதான் நான் செய்த வேலை.

எங்கள் மாடியைப் பார்த்துக்கொண்டவர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் வாயைத் திறந்தால் வசவு. "ஏ பிள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? பேசு!" என்பார். நான் வேர்த்துப் போவேன். தினமும் காலையில் பன்னிரண்டு பி பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, இந்தக் கடையிலிருந்து என்னை வெளியே எடும்." ஒன்றரை வருடம் விடாமல் அதையே ஜெபித்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் என்றுகூடச் சொல்லலாம்.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமைக்கு வருகிறேன். கூறைப்புடவை கவுண்டரைப் பார்க்கும் சீனியர் அக்கா லீவு. என்னை அங்கே நிற்க வைத்தார்கள். மத்தியானம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார், மகளோடு. மகள் பெயர் வித்யா. நல்ல உயரம், என்னைவிட ஒரு சாண் இருப்பாள்.

"ஏண்டி பொண்ணே, அரக்குல ஒம்பது கஜம் காட்டு. கூறைக்கு. மாப்பிள்ளை அமெரிக்காலேந்து மூணே வாரம் லீவுல வந்திருக்கார். வர்ற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். எங்களுக்கு மூச்சு விட நேரமில்லே" என்றார்.

ஏழெட்டுப் புடவை பிரித்தேன். கையில் பவுடர் போட மறந்துவிட்டேன், அதிசயமாகக் கையும் வேர்க்கவில்லை. வித்யாவின் தோளில் ஒன்றைப் போட்டேன். அரக்கு, இரண்டு பக்கமும் அகலமான ஜரிகைக் கரை. மாமி தள்ளி நின்று பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இதுதான்" என்றார். கைப்பையிலிருந்து ஒரு சின்னச் சிமிழை எடுத்து, புடவை முனையில் மஞ்சளும் குங்குமமும் வைத்தார். "முந்திக்குக் குஞ்சம் மட்டும் கட்டி வெச்சுடுங்கோ. புதன்கிழமை சாயந்தரம் வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் விற்ற முதல் கூறைப்புடவை. தலைகால் புரியவில்லை எனக்கு. மேலே மூன்றாவது மாடி வெட்டும் பிரிவுக்கு அனுப்பும் புடவைக்கு ஒரு சீட்டு எழுதிக் குத்தி அனுப்ப வேண்டும். சீட்டில் மூன்று கட்டம் இருக்கும். குஞ்சம், ஃபால்ஸ், பிளவுஸ் வெட்டு. குஞ்சத்துக்கு டிக் போட்டேன். அப்போதுதான் பிளவுஸ் கட்டம் கண்ணில் பட்டது. அடடா, கல்யாண அவசரத்தில் மாமி மறந்துவிட்டாரே, பாவம், கடைசி நேரத்தில் தையல்காரனைத் தேடி அலைவாரே என்று நினைத்தேன். நானே அதற்கும் ஒரு டிக் போட்டேன். ஒரு நல்ல சேல்ஸ்கேர்ள் இப்படித்தான் யோசித்துச் செய்ய வேண்டும் என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் சபையில் கல்யாணப் பெண் கட்டும் புடவை ஆறு கெஜம். பிளவுஸ் துணி அதிலேயே இருக்கும், வெட்டித் தைத்துக்கொள்வோம். நான் அதுவரைக்கும் விற்றதெல்லாம் அந்த மாதிரிதான். மந்தைவெளித் தெருவில் ஒன்பது கெஜம் கட்டிய மாமிகளை தினமும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதை எப்படிக் கட்டுகிறார்கள், எதற்கு அவ்வளவு துணி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அதற்கு ரவிக்கை தனியாக எடுப்பார்கள் என்று தெரியாது. கூறைப்புடவையில் தாலி ஏறும் முன்னால் கத்திரி படவே கூடாது என்றும் தெரியாது. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி இருக்கும். இன்னொரு வீட்டார் ஒன்பது கெஜம் எடுக்க வந்தார்கள். அந்த வீட்டு அம்மாள், "இதுக்குப் பொருத்தமா ரவிக்கைத் துணி எங்கடி இருக்கு?" என்று கேட்டார்.

"ஏன் மாமி, இதிலேயே வெட்டிக்கலாமே?" என்றேன்.

அவர் சிரித்தார். "ஒம்பது கஜத்துல ரவிக்கை வெட்டினா மிச்சம் எட்டு கஜம்தாண்டி. அதுல மடிசார் எப்படி வரும்? அதுவும் கூறைல போய் யாராவது கத்திரி வெப்பாளா? அபசகுனம்!"

எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்த அம்மாளை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படியில் ஓடினேன். வெட்டும் பிரிவில் ஏழுமலை அண்ணன் உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டைக்காரர், இருபது வருடமாக அதே இடத்தில் இருப்பவர். அவர் பக்கத்தில் அந்த அரக்குப் புடவை மடித்து வைத்திருந்தது. அதன் மேல் தனியாக ஒரு துண்டு, ஊசி குத்தி. அரக்குத் துண்டு.

"அண்ணே, வெட்டிட்டீங்களா?"

"இன்னாமா, நீதான டிக் போட்டுக்கிற? நானும் யோசிச்சேன், இன்னாடா இது, ஒம்போது கெஜத்தப் போயி வெட்டச் சொல்லிக்கீதேன்னு. அப்பால கஸ்டமரே சொல்லிக்கிறாங்கோ போலன்னு வெட்டிட்டேன். ஏன்மா, இன்னா ஆச்சு?"

நான் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தார். "போச்சுடா. மொதல்ல என்னத்தான் கேப்பாங்கோ. போன வருசம் ஒரு பொடவைல கரை கிய்ஞ்சதுக்கே ஒரு வாரம் வூட்ல குந்த வச்சாங்கோ. இது கூறைம்மா. என்னத் தொரத்திடுவாங்கோ" என்றார். அவருக்கு நான்கு பிள்ளைகள்.

சீட்டைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றேன். அங்கேதான் அந்தப் பூமி பிளக்கும் ஜெபத்தைச் செய்தேன். பிறகு கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை வேர்வையில் சீட்டு ஊறிப் போயிருந்தது. நான் போட்ட டிக்கின் மை கரைந்து ஒரு நீலக் கறையாகிவிட்டது. அது டிக்கா, கறையா என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் ஒன்றுமே இருக்காது. நான் டிக் போடவில்லை, அவர்தான் தப்பாக வெட்டிவிட்டார் என்று சொல்லலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

சகோதர சகோதரிகளே, நான் தேய்த்தேன். மறைக்காமல் சொல்கிறேன். கட்டை விரலால் இரண்டு முறை தேய்த்தேன். மூன்றாவது முறை தேய்க்கக் கை வரவில்லை. அழுகை வந்துவிட்டது. "ஆண்டவரே, எனக்குப் புதுப் புடவை வேண்டாம், அற்புதம் வேண்டாம். நான்தான் செய்தேன் என்று சொல்ல ஒரே ஒரு நிமிஷம் தைரியம் தாரும், அதற்கு மேல் கேட்கவில்லை" என்றேன். தைரியம் வந்ததா என்றால் வரவில்லை. கால் மட்டும் நடந்தது.

அண்ணாச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "ஏழுமலை அண்ணன் மேல தப்பில்ல அண்ணாச்சி. டிக் போட்டது நான்தான்."

டீயைக் கீழே வைத்தார். "என்ன காரியம் பண்ணிட்டு வந்து நிக்க? அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் வைதார். சுற்றிலும் எல்லாரும் பார்த்தார்கள். அப்புறம் அவரே அலமாரி அலமாரியாகத் தேடினார். அந்தக் கரையில், அந்த அரக்கில், ஒன்பது கெஜம் இன்னும் ஒன்றுதான் இருந்தது. மேல் தட்டில், ஓரமாக, பழுப்புக் காகிதத்தில் சுற்றி. அதை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார்.

"இதுக்கு மஞ்சள் வச்சு, குஞ்சம் கட்டி, மடிச்சுக் குடுத்திருவோம். ரெண்டும் ஒரே மாதிரிதான். அவங்களுக்குத் தெரியவா போகுது? நீ வாயத் தொறக்காம சோலியப் பாரு. தொறந்தே, அப்புறம் கடைப் பக்கம் வந்திராத."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டே படி ஏறினேன். என் ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். சாட்சி அங்கேயே முடிந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் ஏழுமலை அண்ணன் அந்த இரண்டாவது புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை. என்னண்ணே என்று கேட்டேன்.

"இது ரிட்டன் வந்த பொடவம்மா. இத்த எடுத்துக்கினு போன வூட்ல, கல்யாணத்துக்கு ரெண்டு நாள் கீது, மாப்ள ஆக்சிடென்ட்ல பூட்டாரு. அந்தப் பொண்ணோட அப்பாதான் கொணாந்து குட்த்துட்டுப் போனாரு. அய்துகினே போனாரு. அதான் யாருக்கும் விக்காம மேல போட்டு வச்சிருந்தாங்கோ."

எனக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது. நம் ஆண்டவர் துணியைப் பார்த்து ஒருவரை ஆசீர்வதிப்பவர் இல்லை. ஆனால் மாமிக்கு நம்பிக்கை இருக்கிறதே? தெரிந்தால் அவர் அதைத் தொடுவாரா? அவர் கையாலும் தொடாத ஒன்றை அவர் பெண்ணுக்கு உடுத்த வைக்கப் போகிறேன், அதுவும் அவருக்குத் தெரியாமல். அதற்கு நான் ஸ்தோத்திரம் வேறு சொல்லியிருக்கிறேன்!

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அண்ணாச்சி சொன்னா சொல்லிட்டுப் போறாரு. நீ யாருகிட்டடி ஜெபம் பண்ண? அண்ணாச்சிகிட்டயா, ஆண்டவர்கிட்டயா?"

"வேலை போயிடும்மா."

"ஒன்றரை வருஷமா அந்த வேலையிலேர்ந்து எடும், எடும்னு அழுதியே. இப்ப போனா என்னவாம்?"

எனக்குச் சுரீர் என்றது. வேலை போகும் என்று நினைத்தால் ஏன் இப்படி நடுங்குகிறது? அந்தக் கடையை நான் வெறுக்கிறேன் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்? திங்கட்கிழமை வித்யாவின் தோளில் அந்தப் புடவையைப் போட்டதும் மாமியின் கண் கலங்கியதே, அது என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்படி ஒரு முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஆசை வந்திருந்தது. அதனால் பயம் இன்னும் அதிகமானது.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போகாமல் மயிலாப்பூருக்குப் போனேன். பில்லில் விலாசம் நான்தான் எழுதினேன், மனதில் இருந்தது. கோயில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். உள்ளே எண்ணெய்ச் சட்டி வைத்து முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை வாசல் வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை மாமியே என்னைப் பார்த்துவிட்டார்.

"அட, புடவைக் கடைப் பொண்ணு! ஆத்துக்கே கொண்டு வந்துட்டியா? சமத்து! உள்ளே வா."

அந்தச் 'சமத்து'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலிலேயே நின்று சொன்னேன். ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். டிக் போட்டது, வெட்டியது, எல்லாம்.

மாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "கூறையிலே கத்திரி வெச்சுட்டியேடி, பாவி" என்று மெதுவாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் தேவலை. உள்ளேயிருந்து அவர் மைத்துனர் ஓடி வந்து, கடையைச் சந்திக்கு இழுக்கிறேன், பேப்பரில் போடுகிறேன் என்று குதித்தார். வித்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அழ ஆரம்பித்தாள்.

ஆனாலும் இன்னும் ஒரு பாதி பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் வந்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. "மாமி, சாயந்தரம் உங்களுக்கு வேற ஒரு புடவை குடுப்பாங்க. அதே மாதிரி இருக்கும். அதை வாங்காதீங்க. அது ஒரு கல்யாணத்துக்கு எடுத்து, கல்யாணம் நின்னு போய், திரும்பி வந்த புடவை."

மாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதையும் ஏண்டி வந்து சொல்றே? உன் வேலை போயிடுமே?"

"போயிடும் மாமி" என்றேன்.

அவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவர் பேசியது வேறு குரல். "நாப்பது வருஷமா பட்டுப்புடவை வாங்கறேன். தறியிலே ஒரு பாவு போட்டா மூணு புடவை நெய்வா. அச்சா ஒரே மாதிரி மூணு. நான் எடுத்தது ஒண்ணு. மத்த ரெண்டு எங்கே? கேட்டியோ?"

நான் கேட்கவில்லை. எனக்கு அப்படி ஒன்று இருக்கிறதென்றே தெரியாது. மாமி உள்ளே போய்க் கடைக்குப் போன் செய்தார். நான் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும். "உங்க பொண்ணு எல்லாம் சொல்லிட்டா… எல்லாம்னா எல்லாந்தான்… அதை விடுங்கோ. அந்தப் பாவுல மிச்சப் புடவை எங்கேன்னு பாருங்கோ… நான் லைன்லயே இருக்கேன்." சுவரில் கற்பகாம்பாள் படம் இருந்தது. மாமி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஒண்ணு அந்தத் திரும்பி வந்த புடவைதானாம். மூணாவது காஞ்சீபுரத்திலே தறியிலேயே இருக்காம். நெசவு முடியலையாம். நாளைக்கு முடிஞ்சாத்தான் முடிஞ்சது. நீயே போய்க் கொண்டு வா. சாயந்தரம் மண்டபத்துக்கு வந்துடணும்."

கடைக்குப் போனேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு காகிதத்தில் நெசவாளர் விலாசத்தை எழுதி மேஜை மேல் தள்ளினார். "பொடவையோட வந்தா வா. இல்லேன்னா வராத." அவ்வளவுதான்.

வியாழக்கிழமை விடிந்ததும் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு ஓட்டு வீடு. நெசவாளர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டுத் தறியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நூலை ஓட்டும் நாடாக் கட்டையை எறிந்துகொண்டிருந்தார். அதே அரக்கு. அதே கரை. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "எவ்வளவு பாக்கிண்ணே?" என்றேன்.

"முந்திதான் பாக்கி. அவசரப்படுத்தாதம்மா. அவசரப்பட்டா இழை அந்துடும்" என்றார்.

முந்திதான் கஷ்டம் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. அரை மணி நேரத்துக்கு இரண்டு விரல்கடை வளர்ந்தது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. நான் மணி பார்ப்பதும் தறியைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒன்றும் செய்ய முடியாது எனக்கு. நெய்யத் தெரியாது, பிடித்து இழுக்கவும் முடியாது. நாடா ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும்போதெல்லாம் "ஆண்டவரே" என்பேன். அவ்வளவுதான் ஜெபம். வேறு வார்த்தையே வரவில்லை. நெசவாளரின் மனைவி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டு, சாயம் எப்படி ஏற்றுகிறார்கள், கரையைப் புடவையின் உடலோடு எப்படிக் கோக்கிறார்கள், நல்ல ஜரிகையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பயத்தில் பேசியது. ஒன்றரை வருடம் கடையில் நின்று தெரிந்துகொள்ளாததை அன்று அரை நாளில் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்குத் தறியிலிருந்து புடவை இறங்கியது. அவர் மடித்துக் கொடுக்க, மஞ்சள் பையில் வைத்து மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பூந்தமல்லியில் பஸ் நின்றுவிட்டது. லாரி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் எதுவும் நகரவில்லை. கண்டக்டரிடம் மூன்று முறை கேட்டேன். "நான் இன்னா தாயி, லாரியத் தூக்கி வெக்கட்டா?" என்றார். பக்கத்து சீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்காம்மா?" என்று கேட்டார். அவ்வளவு மோசமாக இருந்திருக்கிறது என் முகம்.

மயிலாப்பூரில் மண்டபம் கிடைக்காமல் வடபழனியில்தான் எடுத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மாமி என் கையிலிருந்த பையை வாங்கினார். மணப்பெண் அறைக்குள் போய், பாயில் புடவையைப் பிரித்துப் போட்டார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பெண்கள். மாமி முழங்கையை மடக்கி அளக்க ஆரம்பித்தார். ஒன்பது கெஜம் என்றால் பதினெட்டு முழம். எல்லார் முன்னாலும் வாய்விட்டு எண்ணினார். "ஒண்ணு… ரெண்டு… மூணு…"

நெசவாளர் அளந்துதான் கொடுத்திருப்பார், ஆனால் நான் அளந்து பார்க்கவில்லையே! அவசரத்தில் வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேனே! குறைந்தால்? பதினொன்று, பன்னிரண்டு. வித்யா என்னைப் பார்த்தாள். பதினைந்து. கையிலிருந்த துணி குறைந்துகொண்டே வந்தது. பதினாறு. பதினேழு.

"பதினெட்டு" என்றார் மாமி. கையை எடுத்துப் பார்த்தார். "மேலே ஒரு சாண் இருக்கு."

புடவையை மடித்து வித்யா கையில் கொடுத்தார். கற்பகாம்பாளை நினைத்து ஒரு கும்பிடு போட்டார். நான் என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன், மனதுக்குள். அப்புறம் மாமி என் பக்கம் திரும்பினார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சாப்டியோ?" என்றார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பந்தியில் உட்கார வைத்தார். இலையில் என்ன போட்டார்கள் என்று தெரியவில்லை, அழுதுகொண்டேதான் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன், கணக்கை முடித்து அனுப்பிவிடுவார்கள் என்று. அண்ணாச்சி, "அந்தம்மா காலையில மண்டபத்துலேர்ந்து போன் பண்ணுச்சு" என்றார். என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. "இனிமே நீ ஒம்பது கெஜம் கவுண்டருக்கே போயிரு. அங்கயாவது வெட்டாம இரு" என்றார். வெட்டிய புடவையை ஆறு கெஜமாக்கி வேறு யாருக்கோ விற்றார்கள். திரும்பி வந்த புடவையை அண்ணாச்சியே காஞ்சிபுரத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏழுமலை அண்ணன் இன்னும் மூன்றாவது மாடியில்தான் இருக்கிறார். ஒன்பது கெஜம் எது போனாலும் கீழே இறங்கி வந்து என்னைக் கேட்டுவிட்டுத்தான் கத்திரியை எடுக்கிறார்.

அடுத்த வருடம் பி.எட். இடத்துக்கு விண்ணப்பம் வாங்கி வந்தார் அப்பா. நிரப்பாமல் வைத்திருந்தேன். ஒரு நாள் அவரே, "வேண்டாமா?" என்று கேட்டார். "வேண்டாம்ப்பா" என்றேன். அவருக்கு வருத்தம்தான். இப்போது என் கவுண்டரில் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். புதிதாக வரும் பெண்களை முதலில் நானே காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப் போகிறேன்.

போன வருடம், 1998, ஆவணியில் ஒரு நாள் நான் குனிந்து புடவை மடித்துக்கொண்டிருந்தேன். கல்லாப் பக்கம் ஒரு குரல். "ஏன் சார், இங்கே அந்த வெட்டின பொண்ணு இருப்பாளே, இருக்காளா? என் ரெண்டாவது பொண்ணுக்குக் கூறை எடுக்கணும். அவகிட்டதான் எடுப்பேன்." மாமியேதான். கூட ஒரு பட்டாளமே வந்திருந்தது. அண்ணாச்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து கடையில் எனக்கு அதுதான் பெயர். மயிலாப்பூரில் ஏழெட்டு வீடுகளில் கூறைப்புடவை என்றால் 'வெட்டின பொண்ணு'விடம் போ என்கிறார்களாம்.

இந்தக் கடையிலிருந்து வெளியே எடும் என்று நான் ஒன்றரை வருடம் ஜெபித்தேன். ஆண்டவர் அதைக் கேட்கவில்லை, அதற்காக இப்போது அவருக்குத் தினமும் நன்றி சொல்கிறேன். என் பயத்தையும் அவர் எடுத்துப்போடவில்லை. இன்றைக்கும் கல்யாணக்காரர்கள் படியேறி வந்தால் எனக்கு உள்ளே திக்கென்றுதான் இருக்கும். பயத்தோடேயே என்னை நடக்க வைத்தார், அதுதான் அவர் செய்தது. நான் வாயைத் திறந்து சொல்லாமல் இருந்திருந்தால், மூன்றாவது புடவை ஒன்று தறியில் இருக்கிறது என்பது எனக்கு இந்த ஜென்மத்தில் தெரிந்திருக்காது.

இதை வாசிக்கிற உங்களிலும் யாராவது ஒருவர் எதையோ தேய்த்து அழித்துக்கொண்டிருக்கலாம். அலுவலகத்தில், கடையில், வீட்டில். எனக்கு அந்த நடுக்கம் தெரியும். நீங்கள் கேட்காத ஏதோ ஒரு இடத்தில் உங்களுக்கான உதவியை ஆண்டவர் ஏற்கெனவே நெய்துகொண்டிருக்கிறார் என்று நம்புங்கள். நாளைக் காலையில் யாரிடம் போய் எதைச் சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வாசல் வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பினாலும் பரவாயில்லை, மூன்றாவது முறை போங்கள். நான் இங்கே உட்கார்ந்து உங்களுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.